மீனுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விசில்

ஹாக்கி நடுவர் வேலை என்பது அறுபது நிமிஷம் இருபத்திரண்டு பேரோடு சேர்ந்து ஓடி, ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாமல், எல்லாருடைய திட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை.

டிவி ரிமோட்டுக்காக இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் தீர்ப்புச் சொன்னவர்கள், அபார்ட்மென்டில் தண்ணீர் மோட்டார் சண்டையை விலக்கப் போனவர்கள், ஆபீசில் இரண்டு சீனியர்களுக்கு ஒரே ஃபேனைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்கள் என்று யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், ஒரு டீ சொல்கிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. காலேஜில் ரைட் பேக் ஆடினேன். இப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை; காலேஜ் போட்டிகள் வந்தால் லீவு போட்டுவிட்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. பையன்கள் ஆடும் மேட்ச்சுக்குப் பெண் நடுவர் என்றால் முதல் வருஷம் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது பழகிவிட்டது. அவசரத்தில் "சார், அது ஃபவுலு சார்" என்று கத்திவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு "சாரி மேடம்" என்பார்கள்.

காலேஜ் பெயர்களை எழுதப்போவதில்லை. மைதானத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே சொல்கிறேன். எங்கள் ராயபுரம் பக்கத்து காலேஜ் 'மீன்', காசிமேட்டு மீன் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால். திருவொற்றியூர் பக்கத்து காலேஜ் 'இரும்பு', ஏனென்றால் அந்த டீமில் பாதிப்பேர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. மூன்றாவது, ஆற்றைத் தாண்டித் தெற்கே இருக்கும் பெரிய காலேஜ். அங்கே சொந்தமாகச் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. அதனால் அவர்கள் 'புல்லு'. கப்பு வருஷா வருஷம் அங்கேதான் போகும்.

வஞ்சிரம் வாங்க வந்தவர்

ஒரு சனிக்கிழமை மீனுக்கும் இரும்புக்கும் மேட்ச். அதில் மீன் டீம் பையன் ஒருத்தன் எதிராளியின் முழங்காலில் மட்டையைப் போட்டான். மஞ்சள் கார்டு காட்டி வெளியே உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் இரும்பு ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. மறுநாள் காலையில் காசிமேட்டில் அம்மாவுக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா அங்கே மீன் விற்கிறார். கார்டு வாங்கிய பையனின் பெரியப்பா வந்தார். பதினைந்து வருஷ வாடிக்கை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் பேசினார். "நம்ம ஏரியா பொண்ணு நம்ம பையனுக்கே கார்டு காட்டிகீறா. இன்னா நியாயம் இது? இனிமே உங்கையால மீனு வாங்கறதா இல்ல." எனக்கு முகம் சுண்டிவிட்டது. என் விசிலால் அம்மாவின் வியாபாரம் கெடுகிறதே என்று வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைக் கையால் தடுத்துவிட்டு, கத்தியைத் துடைத்தபடி சொன்னார்:

"அவ வூட்லயே எனக்கு எதிராத்தான் விசிலு ஊதுறா, உனக்கு மட்டும் ஊதாம உட்ருவாளா? அந்த வஞ்சிரத்த எடு, தலைய வெட்டவா வேணாமா?"

பதினொன்று

புல்லு காலேஜின் மைதானத்தில் மீன் டீம் முதல்முறை ஆடிய நாள் அது. எங்கள் பையன்கள் அதுவரை மண்ணிலும் ஜல்லியிலும்தான் ஆடியிருக்கிறார்கள். செயற்கைப் புல்லுக்கு மேட்ச்சுக்கு முன் தண்ணீர் அடிப்பார்கள். பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஒருத்தன் குனிந்து தொட்டுப் பார்த்து, "நம்ம வூட்ல குடிக்கவே லாரி வரணும், இங்க தரைய குளிப்பாட்றாங்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முதல் கால் மணி நேரம்தான்.

பதினொன்றுக்குப் பூஜ்யம். ஏழாவது கோலுக்குப் பிறகு பெஞ்சில் இருந்தவர்கள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். என்னால் அது முடியாதே. ஒவ்வொரு கோலுக்கும் கையை நடுக்கோட்டைப் பார்த்து நீட்டி நீட்டி எனக்கே கை கூசியது. கீப்பர் அன்சாரி மட்டும் தளரவில்லை. தண்டையார்பேட்டைப் பையன், ஒல்லி. ஒவ்வொரு தடவையும் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து உருட்டிவிட்டு, மறுபடி கையை விரித்து நிற்பான். விழுந்து புரண்டு அவன் தடுத்த பந்துகளை நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதைத் தாண்டிய பிறகு விட்டுப்போயிற்று.

மேட்ச் முடிந்து, ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்சாரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தத் தாளையே பார்த்தான். கோல் போட்டவர்கள் பெயர் வரிசையாக இருந்தது.

"மேடம், நான் தடுத்தத எழுத அதுல ஒரு எடங்கூட கெடையாதா?"

சட்டை மாறியவன்

இரும்பு டீமுக்கு ஒரு ராஜா இருந்தான். தினேஷ். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். அவனும் கேப்டன் சரவணனும் ஒரே தெரு, ஒரே ஸ்கூல். டிகிரி முடிந்ததும் புல்லு காலேஜ் தினேஷை எம்.ஏ.வுக்கு எடுத்துக்கொண்டது. விளையாட்டு கோட்டா, ஹாஸ்டல், எல்லாம். சரவணன் எம்.காம். சேர்ந்து இரும்பிலேயே இருந்துவிட்டான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டப்படிதான் நடந்தது. ஆனால் வடக்கில் எவன் நன்றாக ஆடினாலும் இரண்டு வருஷத்தில் தெற்கே போய்விடுகிறான். அப்புறம் பதினொன்றுக்குப் பூஜ்யம் ஏன் வராது?

அதற்குப் பிறகு இரும்பும் புல்லும் மோதிய முதல் மேட்ச்சில் இரண்டு டீமும் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டார்கள். தினேஷ் புல்லு டீமின் பச்சைச் சட்டையில் நின்றான். சரவணன் அவனுக்கு முன்னாலிருந்தவனுக்குக் கை கொடுத்தான், பின்னாலிருந்தவனுக்கும் கொடுத்தான். நடுவில் தினேஷின் கை நீட்டியபடியே நின்றது. அதற்கு விசில் ஊத விதி எதுவும் இல்லை.

தினேஷின் அப்பா இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றி இறக்குகிறவர். அன்றைக்கு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் துணி சுற்றியபடி. எந்தப் பக்கமும் உட்காராமல் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றே பார்த்தார். மகன் கோல் போட்டபோதுகூடக் கை தட்டவில்லை. போகும்போது என்னிடம் வந்து, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது மாதிரி சொன்னார்:

"அங்க மூணு வேளையும் முட்டையோட சோறு போட்றாங்கோ மேடம். இத்த சரவணங்கிட்ட நான் எப்படி சொல்றது, அவனும் எங்க வூட்ல துன்னு வளந்தவன்தானே?"

குலுக்கல்

இந்த வருஷப் போட்டிக்கு அட்டவணை போடும் கூட்டம். நடுவர்கள் சார்பில் நான் போயிருந்தேன். காலேஜ்களை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள்; ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு டீம் அரையிறுதிக்குப் போகும். வழக்கமாக மீன், இரும்பு, புல்லு மூன்றும் ஒரே பிரிவில்தான் விழும். புல்லு எப்படியும் முதலிடம். மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொண்டு சாவார்கள். இந்தத் தடவை இதை மாற்றிவிட வேண்டும் என்று முடிவோடு போனேன். மீனையும் இரும்பையும் தனித்தனிப் பிரிவில் போடுங்கள், வடக்கிலிருந்து இரண்டு டீம் அரையிறுதிக்குப் போகட்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். தெற்குக்காரர்கள்கூட 'நியாயம்தான்' என்று தலையாட்டினார்கள்.

மேஜையின் ஒரு மூலையில் மீன் காலேஜின் உடற்கல்வி இயக்குநர், பி.டி. என்று கூப்பிடுவோம். எதிர் மூலையில் இரும்பு காலேஜின் பி.டி. என்றைக்கோ செல்லாமல் போன ஒரு கோலுக்காக இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "அது முடியாது" என்றார் மீன். "அவரு சொல்றதுதான் கரெக்டு" என்றார் இரும்பு. ஆறு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம், எனக்கு எதிராக. நான் திகைத்து, உங்களுக்காகத்தானே கேட்கிறேன், அரையிறுதி வேண்டாமா என்றேன். மீன் பி.டி. அமைதியாகச் சொன்னார்:

"கப்பு வரும் போவும் மேடம், இவங்ககூட மேட்ச் இல்லன்னா பசங்க எதுக்கு காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பானுங்க?"

டர்ஃப் இல்லாத வருஷம்

அதே கூட்டத்தில் இன்னொரு சேதியும் வந்தது. புல்லு காலேஜில் பழைய புல்லைப் பிரித்துவிட்டுப் புதிது ஒட்டுகிறார்களாம். அதனால் இந்த வருஷ மேட்ச்சுகளுக்குக் கிடைத்தது, எங்கள் பையன்கள் தினமும் ஆடுகிற, கொருக்குப்பேட்டை ரயில் லைன் ஓரத்து மண் மைதானம். எங்கள் மைதானத்துக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் கூட்ஸ் வண்டி போகும்போது ஹாரன் அடித்தால் என் விசிலும் அதுவும் ஒன்றுபோலக் கேட்கும். எங்கள் பையன்கள் ஹாரனுக்கு நிற்கமாட்டார்கள், பழக்கம்.

மீனுக்கும் புல்லுக்கும் மேட்ச். கல்லில் பட்டுப் பந்து எகிறுகிறது, பச்சைச் சட்டைக்காரர்கள் இல்லாத இடத்தில் மட்டையை வீசுகிறார்கள். மூன்றாவது பகுதியில் ஹாரன் அடித்தது. புல்லு டீம் தடுப்பாளர்கள் நால்வரும் விசில் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். மீன் பையன்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் கோல் போட்டார்கள். பச்சைச் சட்டைகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. நான் வாயிலிருந்து விசிலை எடுத்து, தூரத்தில் போகும் வண்டியைக் காட்டினேன். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று புல்லுதான் ஜெயித்தது, ஆனால் மூச்சு வாங்க ஜெயித்தது.

புல்லு கேப்டன் உயரமான பையன், நல்ல மரியாதைக்காரன். முழங்காலில் சிராய்ப்போடு உட்கார்ந்து, ஷூவிலிருந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"மேடம், தினமும் இதுல ஆடிட்டு வந்தவங்களா அன்னைக்கு எங்க டர்ஃப்ல எங்கள பதினொண்ணோட நிறுத்துனாங்க?"

அன்சாரியின் பேடு

பிரிவில் கடைசி மேட்ச், இரும்புக்கும் புல்லுக்கும். மீன் டீம் தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. கணக்கு எளிது. இரும்பு தோற்றால் மீன் அரையிறுதிக்குப் போகும். இரும்பு ஜெயித்தாலும், சமமாக முடித்தாலும், இரும்பு போகும், மீன் வீட்டுக்கு. எனவே மீன் டீம் மொத்தமும் வந்து கம்பி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது, வாழ்க்கையில் முதல்முறையாகப் புல்லுக்குக் கை தட்ட.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கையில் இரும்பு கீப்பரின் கால் பேடு பிய்ந்துபோனது. பழைய சாமான், வார் அறுந்து, உள்ளே இருந்த பஞ்சும் வந்துவிட்டது. பேடு இல்லாமல் கோலில் நிற்க நான் விடமாட்டேன், அடித்தால் கால் போய்விடும். புல்லு டீமிடம் ஒன்று கேட்டுப் பார் என்றேன். சரவணன் பச்சைச் சட்டையில் நின்ற தினேஷை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க கேக்க மாட்டோம் மேடம்" என்றான். வீம்பு. கீப்பருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரனை இறக்கி, கீப்பரே இல்லாமல் ஆடுவதாக முடிவு செய்தார்கள். எத்தனை கோல் விழும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

வேலியைத் தாண்டி ஒருத்தன் குதித்தான். அன்சாரி. தோளில் அவனுடைய பேடு இரண்டும். பின்னால் அவன் டீம் பையன்கள் கத்துகிறார்கள், "டேய், பைத்தியமாடா நீ?" அவன் திரும்பவில்லை. இரும்பு கீப்பர் முன்னால் மண்டியிட்டு, அவனே வாரை இழுத்து மாட்டினான். நான் அவன் பக்கத்தில் குனிந்து, "கணக்கு தெரியுமில்ல?" என்றேன். வாரை இறுக்கிக்கொண்டே சொன்னான்:

"தெரியும் மேடம். பேடு இல்லாத கீப்பர அடிச்சி வர்ற செமிபைனலுக்கு நாங்க எந்த மூஞ்ச வச்சிகினு போறது?"

கால்

அந்த மேட்ச்சை என்னால் மறக்க முடியாது, ஏனென்றால் அதில் நான் தப்புச் செய்தேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். என் பக்கத்து கோல் முன்னால் ஏழெட்டுப் பேர் குவியல், புழுதி. பந்து எங்கிருந்தோ தினேஷிடம் வந்தது, திரும்பினான், அடித்தான், கோல். விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டிவிட்டேன். வேலியில் மீன் டீம் ஆகாயத்துக்குக் குதித்தது. சரவணன் என்னிடம் ஓடிவந்து, "கால்ல பட்டுச்சு மேடம், சத்தியமா பட்டுச்சு" என்று கத்தினான். ஹாக்கியில் அடிக்கிறவன் காலில் பந்து பட்டால் கோல் செல்லாது. எனக்கு இடையில் நான்கு முதுகுகள் இருந்தன. எதிர்ப் பக்கத்து நடுவர் கஜா அண்ணனைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

பார்க்காததைப் பார்த்த மாதிரி ஊதியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊதியதை மாற்றவும் ஆதாரம் இல்லை. தினேஷைச் சுற்றி அவன் டீம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அவன் அதிலிருந்து விலகி மெதுவாக என்னிடம் வந்தான். இடது ஷூவைக் காட்டினான். "இங்க பட்டுச்சு மேடம்." அவ்வளவுதான். ஆட்டம் மறுபடி தொடங்கவில்லை என்பதால் விதிப்படி மாற்றலாம். கோலை ரத்து செய்தேன். புல்லு கோச் தினேஷை வெளியே கூப்பிட்டு, வேறொருவனை இறக்கினார். ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது. இரும்பு அரையிறுதியில், மீன் வெளியே.

தினேஷ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். சரவணன் கும்மாளத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, தினேஷின் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தை அவனிடம் நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான். நான் கொஞ்ச நேரம் கழித்துப் போய், "என் தப்புக்கு நீ வெளிய ஒக்காந்துட்டியே" என்றேன். கோச் அவனை அடுத்த ஆட்டத்திலும் உட்கார வைத்தார், இறுதிப் போட்டிக்குத்தான் மறுபடி எடுத்தார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தினேஷ் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"நீங்க பாத்துட்டு கோல் குடுத்திருந்தா அது உங்க பேஜாரு மேடம், பாக்காம குடுத்தீங்க பாருங்க, அது என் பேஜாரா போயிடுச்சு."

எதிர் வரிசை

அரையிறுதியில் இரும்புக்கு எதிராக இன்னொரு தெற்கு டீம். நான் விசிலோடு உள்ளே போகும்போது பார்க்கிறேன், எதிராளிகளின் பக்கத்து வரிசையில் மீன் டீம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, பி.டி. உட்பட. அன்சாரியோடு இரண்டு நாள் பேசாமலிருந்தவர்கள்கூட அவனுக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். இரும்பு தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. முதல் கோல் இரும்பு மேல் விழுந்தபோது சந்தோஷமாகத்தான் கை தட்டினார்கள். இரண்டாவதுக்குத் தட்டல் குறைந்தது. மூன்றாவது விழுந்தபோது சத்தமே இல்லை.

கடைசிப் பகுதியில் இரும்பு ஒரு கோல் திருப்பியது. எதிர் வரிசையில் யாரோ ஒருத்தன் தன்னை அறியாமல் எழுந்துவிட்டான். இரண்டாவது கோலுக்கு மொத்த வரிசையும் எழுந்தது. "அட்றா சரவணா!" என்று ஒரு குரல், திரும்பிப் பார்த்தால் மீன் பி.டி. ஆறு வருஷமாக அந்த காலேஜ் வாசல் பக்கமே திரும்பாதவர். மூன்றாவது கோல் வரவில்லை. மூன்றுக்கு இரண்டில் இரும்பு தோற்றது. இறுதிப் போட்டியில் புல்லு வழக்கம்போல் கப்பைத் தூக்கிக்கொண்டு போனது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மீன் பி.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இவங்க தோக்குறத பாக்கத்தானே சார் வந்தீங்க?" என்று கேட்டேன். மனசு கொஞ்சம் குறும்பாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரும்பு பி.டி. தனியாக மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த பக்கமாகப் பார்த்தபடி சொன்னார்:

"அவனுங்கள தோக்கடிக்க நாங்க கீறோம் மேடம், ஊடால இவங்க யாரு?"

பதினாறு வருஷம் ஓடியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கப்பு எப்போதும் ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறது, ஆனால் சரிக்குச் சமமான சண்டை வேண்டுமென்றால் எல்லாரும் எங்கள் பக்கம்தான் வந்தாக வேண்டும்.